டிராக்டரைக் குளிப்பாட்டியவர்

அவருடைய பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வர்ணக்கார பாய் என்றால்தான் தெரியும். கதவு, ஜன்னல், வில்வண்டி, கடைப் பலகை, டேனரியில் தோலை இழுத்துக் காயப்போடுகிற மரச்சட்டம், எதுவானாலும் அவர்தான் வர்ணம் அடிப்பார். அதோடு இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. ஆற்றோரப் பள்ளிவாசல் ஜமாத்தில் ஆண்கள் யாராவது இறந்துபோனால், உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி எடுத்துக் கொடுப்பவரும் அவரே. இரண்டுக்கும் கூப்பிட ஆள் ஒரே வீட்டுக்குத்தான் ஓடும். கதவைத் தட்டியதும் அவர் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்.

"எவ்ளோ நீளம்?"

நான் அப்போது ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு டேனரியில் ரைட்டராக இருந்தேன். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தைய காலம். வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஆபீஸ் கதவுக்கு வர்ணம் அடிக்க அவர் வந்தார். ஒல்லியான ஆள், தாடியில் பாதி நரை. முகத்தைப் பார்க்காமல் என் தோளைப் பார்த்தார். பார்வை இடுப்புக்கு இறங்கி, முழங்காலுக்கு வந்து, செருப்பில் நின்றது.

"அஞ்சே முக்கால் அடி இருப்பீங்களா ரைட்டரே?"

"ஏன் பாய், சட்டை தைக்கப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தேய்க்கப் போய்விட்டார். அவருடைய இன்னொரு வேலையைப் பற்றி அன்று சாயங்காலம்தான் எனக்குச் சொன்னார்கள். ராத்திரி காலை நீட்டாமல் சுருண்டு படுத்தேன்.

அவர் எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பார். வேண்டுமென்று செய்வதில்லை. கண் தானாகப் போகும். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கிளாசை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அதை அவர் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை. காலியான இடத்தில் தன் துண்டை மடித்து வைத்துக்கொள்வார்.

ஒரு தடவை பெரிய தோல் வியாபாரி ஒருவர் இறந்தார். அவர் முதுகு முழுக்கச் சூடு போட்ட தழும்பு உண்டு என்றும், சின்ன வயதில் ஏதோ திருட்டில் மாட்டினார் என்றும் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் கடைத்தெருவில் நாலு பேர் வர்ணக்கார பாயைச் சூழ்ந்துகொண்டார்கள். நானும் நின்றேன்.

"நீங்கதானே குளிப்பாட்டினீங்க? தழும்பு இருந்துச்சா இல்லியா, அதை மட்டும் சொல்லுங்க."

"எனக்கு அந்த நேரத்துல கண்ணு தெரியாதுப்பா" என்றார்.

"கண்ணு தெரியாம எப்படிக் குளிப்பாட்டுவீங்க?"

"கை தெரியும். கைக்கு வாய் கிடையாது."

அதற்குமேல் அவரிடம் யாரும் எதையும் வாங்க முடியவில்லை. மய்யித்தில், அதாவது இறந்தவர் உடலில், பார்த்த குறையை வெளியே சொல்லக்கூடாது, மூடவேண்டும் என்பது அவர்கள் மார்க்கத்தில் உள்ள கட்டளை. அவர் அதைக் கட்டளையாகக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அது அவருடைய சுபாவமாகவே ஆகியிருந்தது. பழைய சாமானில் வெடிப்பு எங்கே, கறையான் எங்கே, யார் உளிபட்ட காயம் எங்கே எல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டு கோட் அடித்து மூடிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

என் அம்மா இறந்தபோதுதான் அவரை நான் நெருங்கிப் பார்த்தேன். நாங்கள் மிஷன் தெருக் கிறிஸ்தவர்கள். அவசரத்துக்குச் சவப்பெட்டி செய்த தச்சர், சரக்குப் பெட்டியை உடைத்த பலகையைப் போட்டுவிட்டார். பலகையில் டேனரியின் மார்க்கும் நம்பரும் பெரிசாக இருந்தன. துக்கத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. வர்ணக்கார பாய் பார்த்திருக்கிறார். நான் கொல்லைப்புறம் போனபோது பெட்டி முழுக்கக் கறுப்பு அடித்து முடித்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு உட்புறத்துக்கும் அடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள எதுக்கு பாய்? யாரு பாக்கப் போறாங்க?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவங்க பாப்பாங்க இல்ல."

 அன்றிலிருந்து டீக்கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் எழுந்திருப்பதில்லை.

இப்போது காதர் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்த மனிதரைச் சொல்ல முடியாது.

எங்கள் முதலாளிக்கு ஆலங்காயம் போகிற வழியில் நிலம் இருந்தது. அதை உழ ஒரு டிராக்டர் வாங்கிப் போட்டார். மலைமேல் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய வண்டி. மண்ணெண்ணெயில் ஓடும். சக்கரத்தில் ரப்பர் கிடையாது, முழு இரும்பு. பின்சக்கரம் இரண்டிலும் மண்ணைக் கவ்வுவதற்காகச் சாய்வான இரும்புப் பட்டைகளை வரிசையாக அடித்திருக்கும். காதர் அதன் டிரைவர். முப்பது வயது, கலகலப்பானவன். அந்த வட்டாரத்தில் டிராக்டர் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. கியரை நடுவில் தள்ளி வைத்தால் நிற்காது, தானாகவே ஓடுகிற கியரில் விழுந்துவிடும். காதர் முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன்.

"மெட்ராஸ்லேர்ந்து சாமான் வரணும். இந்த உழவு முடியட்டும், பாக்கலாம்" என்றார் முதலாளி.

ஐப்பசியில் ஒருநாள் காலை, வண்டியைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினான் காதர். எஞ்சின் பிடித்துக்கொண்ட அதே நொடியில் கியர் விழுந்தது. வண்டி அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. அவன் குப்புற விழுந்தான். இடது பின்சக்கரம் அவன்மேல் ஏறி இறங்கி, வரப்பில் முட்டி நின்றது. கூலி ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை, நான் இருபதடி தூரத்தில் அவர்கள் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ப் பார்க்கும்போது முடிந்துவிட்டிருந்தது.

முதலாளி வந்தார். சக்கரத்தைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரோட்டுப் பாலத்துலேர்ந்து கீழ விழுந்துட்டான்னு சொல்லிடுங்க ரைட்டர். பாறைல விழுந்தா இப்படித்தான் ஆகும்" என்றார். நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்போது வேறு வார்த்தை வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

உடலை மாட்டுவண்டியில் வைத்துப் பாலத்துக்குக் கீழே கொண்டுபோனோம். கிராம முன்சீப் வந்தார். முதலாளி சொல்லிக்கொடுத்தபடியே நான் சொன்னேன். அவர் பாலத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"பட்டப்பகல்ல, கைப்பிடிச் சுவர் இருக்கற பாலத்துலேர்ந்து எப்படிய்யா விழுவான்?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "கொஞ்சம் குடிச்சிருந்தான் போல."

அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே சொன்னேன்.

முன்சீப் அதை எழுதிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பரவிவிட்டது. காதர் குடித்துவிட்டு விழுந்து செத்தான் என்று. காலையில் தொழுதுவிட்டு வேலைக்கு வருகிறவன் அவன். ஜனாசா ஊர்வலத்துக்கு ஆட்கள் கம்மி. தூக்குவதற்கே தோள் போதாமல் இரண்டு பேரைக் கூப்பிட்டு வந்தார்கள். நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். வர்ணக்கார பாய் உடலை வைத்துத் தூக்கிய சந்தூக்கின் பின்னால் வந்தார். என்னைக் கடக்கும்போது பார்வையைத் திருப்பி என் காலில் தொடங்கி மேலே வந்தார். முகம்வரை வந்தார். அப்படி அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை.

காதரின் மனைவி இத்தா இருந்தாள். புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் யாரையும் பார்க்கமாட்டாள். அது எனக்கு வசதியாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

மாசி கழிந்தது. நாட்றம்பள்ளியில் ஒருவர் டிராக்டர் தேடுவதாக முதலாளிக்குத் தகவல் வந்தது. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டியை வெளியே இழுத்தார்கள். துருவும் மண்ணும் அப்பியிருந்தது.

"வர்ணக்காரனைக் கூப்பிடுங்க" என்றார் முதலாளி. "கம்மி செலவுல, ரெண்டே நாள்ல முடியணும். எதையும் கழட்ட வேணாம். பாக்கறதுக்குப் புதுசா இருந்தா போதும்."

அவர் வந்தார். நீளம் கேட்கவில்லை. டேனரிக் கொல்லையில் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. நல்ல வெயில். சாம்பலும் சோடாவும் கரைக்க வெந்நீர் வேண்டும் என்றார், பெரிய அண்டாவில் காய்ச்சிக் கொடுத்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போக வெந்நீர்தான் நல்லது, அதில் அதிசயமில்லை. ஆனால் அவர் தார்ப்பாயை ஒதுக்கி வைக்கவில்லை. வண்டியின்மேல் மறுபடியும் போர்த்தினார். வலதுபக்கம் ஒரு முழம் அளவுக்கு மட்டும் விலக்கினார். கையை உள்ளே விட்டுத் தேய்த்தார். குவளையில் மொண்டு, சத்தம் வராமல், சிதறாமல் ஊற்றினார். மூன்று தடவை ஊற்றிவிட்டு அந்த இடத்தை மூடி, அடுத்த முழத்தைத் திறந்தார்.

தோல் சுமக்கிறவர்கள் ஒவ்வொருவராக வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.  ஆவாரம்பட்டை இடிக்கிற உலக்கைச் சத்தமும் நின்றுவிட்டது. அங்கிருந்த முஸ்லிம் ஆட்களில் ஒருவர், மய்யித்துக்கு முன்னால் நிற்பவர்போல, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். ஏன் போட்டுக்கொண்டோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

வலதுபக்கம் முடித்து இடதுபக்கம் வந்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தார்ப்பாய்க்குள் கை போனது. அப்படியே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். துணிக்கு அடியில் கை நகர்வது தெரிந்தது. நின்றது, நகர்ந்தது, மறுபடியும் நின்றது. நான் ஆபீஸ் ஜன்னலை ஒட்டி நின்றிருந்தேன். பேனாவில் மை காய்ந்துபோனது தெரியாமல் நின்றேன்.

பிறகு அவர் கண்ணைத் திறந்தார். குவளையை எடுத்து அங்கேயும் மூன்று தடவை ஊற்றினார்.  கம்பி பிரஷ் போட்டார், உப்புத்தாள் போட்டார், மண்ணெண்ணெய் துடைத்தார், துருவுக்குச் செந்தூரப் பூச்சு கொடுத்தார். டேனரி ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சையோடு விளக்குக் கரியும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து, தேவையான அளவுக்கு நீட்டிக்கொண்டார். இருட்டுவதற்குள் உடம்புக்கு ஒரு கோட் ஆகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் வண்டியை அடையாளம் தெரியவில்லை. கரும்பச்சை உடம்பு, சிவப்புச் சக்கரம். முதலாளி சுற்றிவந்து பார்த்து, "சபாஷ்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். இடது பின்சக்கரம் மட்டும் பாக்கி இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ரைட்டரே, கொஞ்சம் வாங்க."

போனேன். அவர் அந்தச் சக்கரத்தண்டை குந்தியிருந்தார்.

"கையை வெய்யுங்க."

"எதுக்கு பாய்?"

"வெய்யுங்க."

என் மணிக்கட்டைப் பிடித்தார். வெயிலில் வேலை செய்தவர் கை, பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்து கிடந்தது. என் கட்டைவிரலை ஒரு இரும்புப் பட்டையில் வைத்து, சுண்டுவிரலை இழுத்து அடுத்ததில் வைத்தார். சரியாக இருந்தது.

"ஒரு சாண். அப்புறம் ஒரு சாண். அப்புறம் ஒரு சாண்" என்றார். "முதுகுல நாலு கோடு, சாய்வா. இதே சாய்வு. அவனைத் திருப்பிப் போட்டப்போ என் கை இப்படித்தான் அளந்துச்சு."

  "பாத்ததை வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லுவீங்களே பாய்."

"வெளியதான் சொல்லக்கூடாது. உங்ககிட்ட நான் புதுசா இன்னா சொல்லிட்டேன்? உங்களுக்குத் தெரிஞ்சதுதானே."

நான் கையை எடுக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"வாயையும் கழுவினேன். வெத்தலை வாசனைதான் இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"பாய்..."

"மூடச் சொன்னது செத்தவனோட குறையை. அவன்மேல குறை ஒண்ணுமே இல்ல ரைட்டரே. நான் தேடித்தேடிப் பாத்தேன். மூடறதுக்கு ஒண்ணுமே இல்லாத மய்யித்து அது. உசுரோட இருக்கறவங்க குறையை மூடணும்னு என்கிட்ட யாரும் சொன்னதில்ல. இருந்தும் அஞ்சு மாசமா மூடிக்கிட்டிருக்கேன். அவன் வந்து உக்காந்துக்கிறான்."

"யாரு?"

"டீக்கடையில. நீங்களும் இப்ப வர்றதில்ல, எம்பக்கத்துல எடம் காலியாத்தானே இருக்கு."

அதை அவர் சாதாரணமாகச் சொன்னார், யாரோ சொந்தக்காரர் வந்துபோவதைச் சொல்வதுபோல. பிறகு என் கையை விட்டார். பிரஷ்ஷைச் சிவப்பில் தோய்த்து, பட்டை பட்டையாக அந்தச் சக்கரத்தையும் அடித்து முடித்தார். ஒரு இடம் விடவில்லை.

"நாளைக்கு வர்றவனும் யாரையாவது முன்னாடி நிறுத்திக் கைப்பிடி சுத்தச் சொல்லுவான்" என்றார் எழுந்து. "நான் புதுசு மாதிரி ஆக்கிட்டேன். என் வேலை முடிஞ்சுது."

மறுநாள் நாட்றம்பள்ளிக்காரர் வந்தார். வண்டியைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. கூட வந்த ஆள், பத்தொன்பது இருபது வயதுக்காரன், உற்சாகமாக முன்னால் போய்க் குனிந்து கைப்பிடியைத் தொட்டான். அவன் முதுகு சட்டைக்குள் அகலமாக விரிந்தது. அதைப் பார்த்தேன். அவ்வளவுதான் எனக்குத் தாங்கியது.

"அதைச் சுத்தாதே" என்றேன். "கியர் நிக்காது. இதே மாதிரி சுத்தப் போய்த்தான் எங்க டிரைவர் செத்தான். இந்தச் சக்கரம் ஏறித்தான் செத்தான்."

பையன் கையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். முதலாளி கத்தவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. "ரைட்டர், உங்க குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றார்.

குடையோடு நேரே காதர் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிக்கு இத்தா முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. வாசலில் சாக்குத் திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கியர், சக்கரம், பாலம். குடித்திருந்தான் என்று சொன்னது யார் என்பதையும் சொன்னேன். திரை அசையவே இல்லை. கேட்கிறாளா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அப்ப அவரு குடிக்கலையா அண்ணா?"

"இல்லம்மா."

அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. "நீங்க சொன்னதை நான் நம்பிட்டேன்" என்றாள். "இத்தனை மாசமா அவருக்காக ஒரு துஆகூட மனசாரக் கேக்கல. கோவமா இருந்தேன்."

நான் குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"என்கிட்ட சொன்னது பத்தாது" என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல சொல்லுங்க. அவரைத் தூக்க வராதவங்க எல்லாம் இருப்பாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க."

சொன்னேன். தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லியிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முற்றத்தில் நின்று சொன்னேன். பின்னால் முன்சீப் மறுபடி கூப்பிட்டு எழுதி வாங்கியதும், முதலாளி வக்கீல் வைத்ததும், நான் வேலூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் போய்ச் சேர்ந்ததும் வேறு கதை. டிராக்டரை யாரும் வாங்கவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. கூட்டத்தில் வர்ணக்கார பாயைத் தேடினேன். இல்லை.

வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் பார்த்தேன். பள்ளிவாசலை ஒட்டிக் கபரஸ்தான். வேலிக்கு அந்தப் பக்கம், காதரைப் புதைத்த இடத்தில், அவர் மண்ணோடு மண்ணாகக் குந்தியிருந்தார். பகல் ஒரு மணி வெயில். சுற்றிலும் யாரும் இல்லை. முற்றத்தில் நான் பேசியது அந்த இடம்வரை கேட்டிருக்கும்.

அவர் நன்றாகக் குனிந்து, மண்ணுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கேட்டுச்சா?"

பிறகு தலையைத் திருப்பி, காதை மண்மேல் வைத்துக்கொண்டு இருந்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

அப்புறம் மெதுவாக, ஒருவர் சொல்வதை முழுக்கக் கேட்டு முடித்தவர்போல, சரி சரி என்று தலையை ஆட்டினார்.